பிறக்கும்போதே மாத்திரையோடு வந்தவர்கள்... தெரியுமா?

காலையில் ஒன்று, ராத்திரி படுக்கப் போகும் முன் ஒன்று. வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். பிரஷர் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். வயசானால் இரண்டும் வரத்தான் செய்யும் என்று நாமும் டப்பாவை மூடிவிடுவோம். ஆனால் சில குடும்பங்களில் இந்த இரண்டு தொல்லைகளும் கைகோத்துக்கொண்டே இறங்கி வருகின்றன, தெரியுமா? அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இந்த இரண்டு மாத்திரைகள் செய்யும் வேலையை உடம்பே செய்துகொள்ளும்படி பிறந்தவர்களும் இந்தப் பூமியில் நடமாடுகிறார்கள். ஒரு வில்லைகூட விழுங்காமல், மாத்திரை போட்ட உடம்போடு!

பள்ளிப் பிள்ளைகள் வரைந்த வம்ச மரம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்மன் கிறிஸ்தவர்கள் அதிகம். முன்னோர் பெயர்களைத் தேடித் தேடி எழுதி வைப்பது அவர்களுக்குச் சமயக் கடமை. கொள்ளுத்தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா பெயர்கூட அங்கே ஏட்டில் இருக்கும். மரபணு ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய புதையல் வேறென்ன?

யூட்டா பல்கலைக்கழகத்து மருத்துவர் ரோஜர் வில்லியம்ஸ் 1980-களில் ஒரு வேலை செய்தார். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் படிவம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். தாத்தா எந்த வயதில் இறந்தார், எதனால்? அத்தைக்குப் பிரஷர் உண்டா? சித்தப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது வயது என்ன? பிள்ளைகள் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து எழுதி வந்தார்கள். இப்படிச் சேர்ந்தவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் கதைகள். கூட்டிப் பார்த்தபோது கிடைத்த கணக்கைக் கேளுங்கள்: இதய நோய்ப் பரம்பரை உள்ள குடும்பங்கள் வெறும் 14 சதவீதம்தான். ஆனால் இளவயதில் வந்த மாரடைப்புகளில் 72 சதவீதம் அந்தக் குடும்பங்களுக்குள்ளேயே நடந்திருந்தது! இடி எல்லார் வீட்டிலும் சமமாக விழவில்லை. சில வீடுகளைக் குறிவைத்தே விழுந்திருக்கிறது.

அதே வில்லியம்ஸ் 1988-இல் இன்னொன்றையும் சொன்னார். 58 யூட்டா குடும்பங்களை எடுத்து, உடன்பிறந்தவர்களில் இரண்டு பேருக்காவது 60 வயதுக்குள் பிரஷர் வந்த வீடுகளில் ரத்தக் கொழுப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தார். அண்ணனுக்குப் பிரஷரோடு டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறியிருக்கும். தம்பிக்குப் பிரஷரோடு நல்ல கொழுப்பு குறைந்திருக்கும். அக்காவுக்குப் பிரஷரோடு கெட்ட கொழுப்பு எகிறியிருக்கும். பெயர் வேறு, விலாசம் ஒன்று! காரணம் இதுதான் என்று சுட்ட முடியாத, நம்மில் பெரும்பாலானோருக்கு வரும் சாதாரணப் பிரஷர் இருக்கிறதே, அது உள்ளவர்களில் சுமார் 12 சதவீதம் பேர், அதாவது எட்டுக்கு ஒருவர், இந்த ரகம் என்பது அவர் கணக்கு. பிரஷரையும் கொழுப்பையும் சேர்த்துக் கட்டும் கயிறுகளில் ஒன்று இன்சுலின். உடம்பு இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போகும்போது சிறுநீரகம் உப்பை இறுக்கிப் பிடிக்கிறது, கல்லீரல் டிரைகிளிசரைடை அள்ளி வெளியே விடுகிறது. ஒரே கோளாறு, இரண்டு வாசல் வழியாக வெளியே வருகிறது.

1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா புறப்பட்ட சுவிஸ்ஏர் விமானம் கனடாக் கடலோரத்தில் விழுந்ததே, அதில் வில்லியம்ஸும் போய்விட்டார். இந்தக் குடும்பங்களை உலகம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்து, சாவுக்கு முன்னால் எச்சரிக்க வேண்டும் என்று ஓர் அமைப்பையே தொடங்கி வைத்தவர் அவர்.

அதே ரத்தம்தான், ஆனால் சிரையில் மட்டும் படிவதில்லை!

உங்கள் உடம்பில் ஓடுவது ஒரே ரத்தம். கை, கால், மூளை, இதயம் எல்லா இடத்திலும் அதே கொழுப்பு, அதே அளவு. அப்படியானால் எல்லாக் குழாய்களிலும் சமமாகப் படிய வேண்டும், இல்லையா? படிவதில்லை! இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிகள் அடைபடுகின்றன. திருப்பிக் கொண்டுவரும் சிரைகளில் பொதுவாகக் கொழுப்பு படிவதில்லை. நுரையீரலுக்குப் போகும் தமனிகளும் பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும்.

காரணம், அழுத்தம். பெரிய தமனிக்குள் 120 என்று அடிக்கும் ரத்தம் நுரையீரல் தமனியில் ஏறக்குறைய 25-தான். சிரைகளில் அதுவும் இல்லை. கொழுப்புத் துகள் குழாயின் சுவருக்குள் புகுந்து உட்கார ஒரு தள்ளு வேண்டும். அந்தத் தள்ளைக் கொடுப்பது பிரஷர்.

நம்ப முடியவில்லையா? பைபாஸ் அறுவையை நினைத்துப் பாருங்கள். காலிலிருந்து ஒரு சிரையை உருவி எடுத்து இதயத்தில் தைக்கிறார்கள். அறுபது வருஷம் காலில் இருந்தவரை அதில் ஒரு பொட்டுக் கொழுப்பு படிந்ததில்லை. இதயத்துக்கு வந்து தமனியின் அழுத்தத்தில் மாட்டிக்கொண்ட சில ஆண்டுகளில் அதே சிரைக்குள் கொழுப்பு படியத் தொடங்குகிறது! ரத்தம் மாறவில்லை, மனிதர் மாறவில்லை, மரபணு மாறவில்லை. முக்கியமாக மாறியது அழுத்தம். நுரையீரல் தமனியும் அப்படித்தான்: அங்கே அழுத்தம் ஏறும் நோய் வந்தவர்களுக்கு அதற்குள்ளும் கொழுப்பு படிகிறது.

‘எனக்குப் பிரஷர் மட்டும்தான், கொழுப்பு அவ்வளவா இல்ல’ என்று சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காலின் சிரைதான் ஞாபகத்துக்கு வரும். மற்றவர்களுக்குக் கேடு செய்யாத அளவு கொழுப்பு, அழுத்தம் கூடிய குழாய்க்குள் கேடு செய்யும். வெறும் ஊகமில்லை இது. பிரிட்டன், அயர்லாந்து, வட ஐரோப்பிய நாடுகளில் பிரஷர் உள்ள 10,305 பேரை எடுத்தார்கள். யாருக்கும் கொழுப்பு பயமுறுத்தும் அளவு இல்லை. பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரை 10 மில்லிகிராம், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டு நடத்துவதாகத் திட்டம். மூன்றே கால் ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். தோற்றதால் அல்ல! மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் இதய மரணமும் 36 சதவீதம் குறைந்துவிட்டன, மற்றவர்களை இனியும் வெற்று மாத்திரையில் வைத்திருப்பது நியாயமில்லை என்று. 2003-இல் முடிவு வெளிவந்தது.

ஒரு நாளைக்கு 25 முட்டை

88 வயது முதியவர். நாள்தோறும் 25 முட்டை, அதுவும் குறைந்தது 15 ஆண்டுகளாக! அவருடைய ரத்தக் கொழுப்பு? சாதாரண அளவு. 1991-இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்று அவரைப் பற்றி எழுதியது. சோதித்துப் பார்த்ததில், சாப்பிட்ட கொழுப்பில் 18 சதவீதத்தைத்தான் அவர் குடல் உள்ளே விட்டிருக்கிறது. உள்ளே வந்ததையும் கல்லீரல் பித்த அமிலமாக மாற்றி வெளியே தள்ளியிருக்கிறது.

முட்டைக் கணக்கை இவரைப் பார்த்துப் போடச் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் கொழுப்பு ஏறியவரைப் பார்த்து எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: ‘என்ன சாப்பிட்டே?’ பரம சைவமாக, தயிர்சாதத்தோடு வாழ்ந்து 300 காட்டும் மனிதர் கூனிக் குறுகிப் போகிறார். உடம்பிலுள்ள கொழுப்பில் பெரும்பங்கு சோற்றுத் தட்டிலிருந்து வருவதில்லை, கல்லீரலே செய்கிறது. அதை எவ்வளவு செய்வது, எவ்வளவு அள்ளி வெளியேற்றுவது என்பதில் பாதியோ அதற்கு மேலோ அப்பா அம்மா கொடுத்த எழுத்து.

பெய்ரூட் குடும்பங்களும் இரண்டு டல்லாஸ் நண்பர்களும்

நார்வேயில் கார்ல் முல்லர் என்ற மருத்துவர் 1938-இல் 17 குடும்பங்களைப் பற்றி எழுதினார். குதிகாலின் தடித்த தசைநாணில் மஞ்சள் கட்டி, விரல் முட்டியில் கட்டி, கண்ணிமையோரம் மஞ்சள் தழும்பு, அப்புறம் நெஞ்சுவலி. தலைமுறை தாண்டித் தாண்டி இதே வரிசை. பிறகு 1964-இல் பெய்ரூட்டில் அவேடிஸ் கச்சதூரியன், நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்தார். ஒரே குடும்பத்துக்குள் மூன்று படிகள் கத்தி வெட்டியது போலத் தெரிந்தன. சிலருக்கு இயல்பான கொழுப்பு. சிலருக்கு இரண்டு மடங்கு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியை வாங்கிவிட்ட குழந்தைகளுக்கு 600, 800, ஆயிரம்! அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரும்.

இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்த இரண்டு இளம் மருத்துவர்கள் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும். டல்லாஸில் ஆய்வுக்கூடம் போட்டார்கள். மனிதக் கல்லீரலை வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் தோலிலிருந்து சில செல்களை எடுத்துத் தட்டில் வளர்த்தார்கள். சாதாரண மனிதரின் தோல் செல்லுக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைக் கொடுத்தால், ‘வெளியிலிருந்தே கிடைக்கிறதே, நான் எதற்குச் செய்ய வேண்டும்?’ என்று சொந்தத் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. அந்தக் குழந்தைகளின் செல்லோ நிறுத்தவே இல்லை. ரத்தத்தில் வெள்ளமாக ஓடுகிறது, செல்லுக்கு மட்டும் பஞ்சம்! ஏன்? வாசலில் நின்று கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் கை இல்லை. அந்தக் கைதான் எல்.டி.எல். ஏற்பி. ஒவ்வோர் ஏற்பியும் செல்லின் மேற்பரப்புக்கு வந்து கொழுப்புத் துகளைக் கவ்விக்கொண்டு உள்ளே போய் இறக்கிவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி வாசலுக்கு வந்து நிற்கும். ஓயாத சுமைதூக்கி. 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்த ஏற்பிக்கான மரபணு 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதாகும் விதங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் இதுவரை தெரிந்திருக்கின்றன!

ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் உலகில் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவர். ஒரு கல்யாண மண்டபத்தில் 500 பேர் பந்தியில் உட்கார்ந்தால் அவர்களில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. எந்த வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. பிரஷருக்காக டாக்டரிடம் போய், போனதற்கு ஒரு லிப்பிட் புரொஃபைல் எடுத்து, அதில் எல்.டி.எல். 190-க்கு மேல் வந்து நின்றால்தான் சந்தேகமே எழும்.

எல்.டி.எல். வெறும் 14, ஏரோபிக்ஸ் ஆசிரியை!

இப்போது மாத்திரையோடு பிறந்தவர்களிடம் வருவோம்.

2003-இல் பாரிஸில் கேத்தரின் புவாலோவின் குழுவும் மான்ட்ரியலில் நபீல் சேதாவும் சேர்ந்து ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சில பிரெஞ்சுக் குடும்பங்களில் எல்.டி.எல். ஏற்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கொழுப்பு தலைதெறிக்க ஏறியிருந்தது. குற்றவாளி பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம். கவ்விய துகளை இறக்கிவிட்டு வாசலுக்குத் திரும்ப வேண்டிய ஏற்பியை இது பிடித்துக்கொண்டு, ‘நீயும் உள்ளேயே இரு’ என்று குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடும். அந்தக் குடும்பங்களில் இது அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது.

டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். இது கூடினால் கொழுப்பு ஏறும் என்றால், பிறவியிலேயே இது கெட்டுப்போனவர்களுக்கு என்ன ஆகும்? தேடினார்கள். ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களில் நூற்றுக்கு இரண்டு பேரிடம் அப்படியொரு பழுது இருந்தது. அவர்களின் எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவு. சரி, மாரடைப்பு? 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த கணக்கில் 88 சதவீதம் குறைவு! 28-க்கு 28 அல்ல, 88!

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது ஒன்று உண்டு. அந்த மக்களிடம் பிரஷர் மிக அதிகம். சர்க்கரையும் புகைப்பழக்கமும் கூட உண்டு. இதயத்தைத் தாக்க எதிரிகள் எல்லாப் பக்கமும் நின்றும், பிறந்த நாள் முதல் கொழுப்பு குறைவாக இருந்த ஒரே காரணத்துக்காகத் தமனிகள் தப்பித்திருக்கின்றன. தள்ளுவதற்கு ஆள் இருந்தும், தள்ள வேண்டிய சரக்கு இல்லை.

அந்தத் தேடலில்தான் ஒரு பெண் அகப்பட்டார். 32 வயது. அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது, ஆக உடம்பில் பி.சி.எஸ்.கே.9 அறவே இல்லை. அவருடைய எல்.டி.எல். 14! ஐம்பதுக்கே ‘ரொம்பக் குறைவோ’ என்று நாம் பயப்படுகிறோம். அந்தப் பெண் நன்றாகப் படித்தவர், தாயானவர், வேலை ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுப்பது. ஒரு குறையும் இல்லை. ஜிம்பாப்வேயில் இன்னொரு இளம்பெண்ணுக்கு 15. இவர்கள் உடம்பைப் பார்த்துத்தான் மருந்து நிறுவனங்களுக்குத் தைரியம் வந்தது. 2015-இல் இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் சந்தைக்கு வந்தன.

கொழுப்பு மாத்திரையோடு பிறந்தவர்கள் சரி, பிரஷர் மாத்திரையோடு? அவர்களும் உண்டு! அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் தலைமுறை தலைமுறையாக மக்களின் இதயத்தைக் கவனித்து வருகிறார்கள். 2008-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லிஃப்டன் குழு அவர்களில் மூவாயிரத்துச் சொச்சம் பேரின் மூன்று மரபணுக்களைப் படித்தது. சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் மரபணுக்கள். 64 பேருக்கு ஒருவரிடம் அவற்றில் ஒன்று அரைகுறையாக இருந்தது, அவர்களுக்குப் பிரஷரும் குறைவாக இருந்தது. அந்த மூன்றில் இரண்டு எவை தெரியுமா? டாக்டர்கள் பிரஷருக்கும் கால்வீக்கத்துக்கும் எழுதும் நீர் மாத்திரைகள் போய் அடைக்கும் அதே வாய்கள்! மனிதன் கண்டுபிடிப்பதற்கு முன்பே இயற்கை அந்த மாத்திரையைச் செய்து சிலர் உடம்பில் வைத்துவிட்டிருந்தது.

ஒட்டகச்சிவிங்கியைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆறடிக் கழுத்தின் உச்சிக்கு ரத்தத்தை ஏற்ற, அதன் பிரஷர் நம்மைப் போல இரண்டு மடங்கு. நமக்கு வந்தால் ஆஸ்பத்திரி. அது பாட்டுக்கு மேய்கிறது! 2021-இல் சீன விஞ்ஞானிகள் அதன் ஒரு மரபணுவை எலிக்குள் வைத்து, பிரஷரை ஏற்றும் மருந்தைச் செலுத்தினார்கள். சாதாரண எலிகளுக்கு ஏறியது போல் அந்த எலிகளுக்குப் பிரஷர் ஏறவில்லை.

ஆரஞ்சு நிற டான்சில்

நல்ல கொழுப்பு கூடக் கூட நல்லது என்றுதானே கேட்டிருக்கிறோம்? மரபணுக்கள் அதையும் உடைத்துப் போட்டுவிட்டன.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் டாங்கியர் என்ற குட்டித் தீவு. 1960 வாக்கில் அங்கிருந்து ஒரு சின்னப் பையனை டாக்டரிடம் அழைத்து வந்தார்கள். வாயைத் திறந்தால் டான்சில் ஆரஞ்சு நிறம்! ரத்தத்தில் நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஏறக்குறைய பூஜ்யம். செல்லுக்குள் கிடக்கும் கொழுப்பை வெளியே ஏற்றி அனுப்பும் மரபணு அவனிடம் பழுது, அதனால் அது டான்சிலில் போய்த் தேங்கியிருக்கிறது. இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் லிமோனே என்று ஒரு கிராமம். 1930-கள் வரை சாலை கிடையாது, ஏரியில் படகேறித்தான் போக வேண்டும். அங்கிருந்து வந்த ஒருவரை மிலான் நகர மருத்துவர்கள் சோதித்தார்கள். எச்.டி.எல். படுமோசம், டிரைகிளிசரைடு எக்கச்சக்கம். ஆனால் தமனி பளிங்கு! ஊரையே சோதித்ததில் பல டஜன் பேரிடம் அதே மரபணு, எல்லாரும் 18-ஆம் நூற்றாண்டின் ஒரே தம்பதியின் வாரிசுகள். எச்.டி.எல். அளவை மட்டும் வைத்து இதயத்துக்கு ஜாதகம் எழுத முடியாது என்று 2012-இல் பெரிய மரபணு ஆய்வுகளும் சொல்லிவிட்டன. ‘என் நல்ல கொழுப்பு 65, எனக்கென்ன’ என்பவர்கள் அந்தப் பக்கத்து எல்.டி.எல். வரியையும் படித்துவிடுவது நல்லது.

இரண்டு வரமும் ஒருவருக்கே கிடைத்தால்?

பிரஷர் குறைவாக இருக்கும் வரமும் கொழுப்பு குறைவாக இருக்கும் வரமும் ஒரே ஆளுக்கு வாய்த்தால்? பிரிட்டனில் 4,38,952 பேரின் மரபணுக்களை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டது 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. யாரும் யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. கரு உண்டான நிமிடத்திலேயே இயற்கை சீட்டுக் குலுக்கிப் போட்டு நான்கு கூட்டமாகப் பிரித்துவிட்டது, விஞ்ஞானிகள் எண்ணினார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வரமும் கிடைத்தவர்களுக்கு எல்.டி.எல். சராசரியாக 14 புள்ளி குறைவு, பிரஷரின் மேல் அளவு 3 புள்ளி குறைவு. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை எந்த டாக்டரும் பொருட்படுத்தக்கூட மாட்டார்! ஆனால் அவர்களுக்கு இதயத் தாக்குதல்களின் ஆபத்து 39 சதவீதம் குறைந்திருந்தது. இதையே நீட்டிக் கணக்கிட்டார்கள்: ஆயுள் முழுக்க எல்.டி.எல். 39 புள்ளியும் பிரஷர் 10 புள்ளியும் குறைவாக இருந்தால் ஆபத்து 78 சதவீதம் குறையும். ரகசியம், காலம். ஐம்பது வயதில் தொடங்கும் மாத்திரை ஐம்பது வருஷத்துப் படிவோடு மல்லுக்கட்ட வேண்டும். மரபணு வரம் பெற்றவருக்குப் படிவே தொடங்கவில்லை.

இங்கேயும் இயற்கை நேர்க்கோட்டில் நடக்கவில்லை. 12-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு. அதன் ஒரு வடிவம் பிரஷரை ஏற்றுகிறது, எல்.டி.எல்.லை இறக்குகிறது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும். 2018-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து, ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள 901 இடங்களை மரபணுத் தொகுதியில் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அணுவளவுதான் அசைக்கும். கூடினால் மலை.

அரிசிப் பூஞ்சையிலிருந்து வந்த மாத்திரை

வரம் கிடைக்காத நமக்கு ஒரு ஜப்பானியர் வந்தார். அகிரா எண்டோ. அகிடா மாநிலத்துக் கிராமத்தில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே காளானும் பூஞ்சையும் பைத்தியமாகப் பிடித்துப்போனவர். பூஞ்சைகள் தங்கள் எதிரிக் கிருமிகள் கொழுப்பு செய்ய விடாமல் தடுக்கும் நஞ்சை வைத்திருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. டோக்கியோவில் ஒரு மருந்து நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறாயிரம் பூஞ்சை, நுண்ணுயிர்களைச் சலித்தார். 1973-இல் அகப்பட்டது ஒரு நீலப்பச்சைப் பூஞ்சை. எங்கிருந்து? கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியிலிருந்து! எலிகளுக்குக் கொடுத்தால் கொழுப்பு இறங்கவே இல்லை. எல்லாம் போச்சு என்ற நிலையில் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இறங்கியது! இன்றைய கொழுப்பு மாத்திரைகளான ஸ்டேட்டின்களில் உலகின் முதலாவது அது.

கொழுப்பு ஆயிரத்தைத் தொட்ட ஒரு 18 வயதுப் பெண்ணுக்கு ஒசாகாவில் அகிரா யமமோட்டோ என்ற மருத்துவர் அதை முதன்முதலாகக் கொடுத்தார். கொஞ்சம்தான் இறங்கியது. இரண்டு பிரதியும் பழுதான உடம்பில் ஸ்டேட்டின் திணறும் என்பது பிறகுதான் விளங்கியது. ஏனென்றால் ஸ்டேட்டின் கொழுப்பைத் தானே அழிப்பதில்லை. கல்லீரலுக்குள் தயாரிப்பைத் தடுத்து, ‘வெளியிலிருந்து அள்ளிக்கொள்’ என்று அதிக ஏற்பிகளை வாசலுக்கு அனுப்ப வைக்கிறது. அனுப்பக் கையே இல்லாதவர் என்ன செய்வார்? அதனால்தான் 1984-இல் பிட்ஸ்பர்கில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தோடு கல்லீரலையும் சேர்த்தே மாற்றினார்கள். புதுக் கல்லீரலில் ஏற்பிகள் இருந்தன. ஆயிரத்துக்கு மேல் நின்ற கொழுப்பு மளமளவென்று சரிந்தது!

நம் ரத்தத்தில் ஒளிந்திருக்கும் மூன்றாவது ஆள்

1963-இல் ஓஸ்லோவில் கோரே பர்க் கண்டுபிடித்தது லைப்போபுரோட்டீன்-ஏ. எல்.டி.எல். துகளின் இடுப்பில் ஒரு நீண்ட புரத வாலைக் கட்டிவிட்டது போல் இருக்கும். சாதாரண லிப்பிட் புரொஃபைலில் இது தனியாக வராது, கேட்டு எடுக்க வேண்டும். உணவு இதை அசைக்காது, நடை அசைக்காது, ஸ்டேட்டினும் இறக்காது. 70 முதல் 90 சதவீதம் வரை ஒரே ஒரு மரபணுவின் கையில்! அதனால் ஆயுளில் ஒரே ஒரு தடவை எடுத்தால் போதும் என்கிறார்கள் ஐரோப்பிய மருத்துவர்கள்.

இது நம்மை நேராகத் தொடும் விஷயம். பிரிட்டனில் வாழும் லட்சக்கணக்கானவர்களைச் சோதித்ததில் நடு அளவு வெள்ளையர்களிடம் 19, சீன வம்சாவளியினரிடம் 16, தெற்காசியர்களிடம் 31. ஆப்பிரிக்க வம்சாவளிக்கு அடுத்த இடம் நமக்குத்தான். சர்க்கரை இல்லை, புகையில்லை, தொப்பையில்லை, ஆனாலும் 45 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த ஒருவரை நம் தெருவில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த வீட்டார் இன்றும் ‘கண்ணு பட்டுடுச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அந்த வீட்டின் பிள்ளைகளை நினைத்தால்தான் மனசு அடித்துக்கொள்கிறது.

அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று உறவுக்குள் முடிக்கும் கல்யாணங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. பெற்றோர் இருவருமே ஏற்பி மரபணுவில் ஒரு பழுதான பிரதியைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பிரதியும் பழுதாக அமைய. பெய்ரூட் குழந்தைகளின் கதை அதுதான். ஒருவருக்கு மட்டும் இருந்தாலும், பிள்ளைகளுக்கு ஒரு பழுதான பிரதி வரச் சரிபாதி வாய்ப்பு. நெதர்லாந்தில் இதைப் புரிந்துகொண்டு 1994-இலேயே தொடங்கிவிட்டார்கள். ஒரு நோயாளி கிடைத்தால் அவர் அண்ணன், தங்கை, சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் என்று வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தார்கள். இருபது ஆண்டுகளில் 28,000-க்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் நெஞ்சுவலி வருவதற்கு முன்பே, கண்டுபிடித்துவிட்டார்கள்!

பிறகு 2022 ஜூலை. நியூசிலாந்தில், பரம்பரைக் கொழுப்பு நோய் உள்ள ஒருவருக்குக் கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மருந்து கல்லீரல் செல்களுக்குள் போய், 300 கோடி எழுத்து நீளமுள்ள மரபணுத் தொகுதியில் பி.சி.எஸ்.கே.9 இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, ஒரே ஓர் எழுத்தை மாற்றியது. மரபணு அத்தோடு வாயடைத்துப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. டல்லாஸ் ஆய்வாளர்களிடம் அகப்பட்ட அந்த ஏரோபிக்ஸ் ஆசிரியை அப்பா அம்மாவிடமிருந்து வாங்கி வந்ததை, இந்த நோயாளி கட்டிலில் படுத்தபடியே வாங்கிக்கொண்டார். உலகத்திலேயே முதல் ஆள்!